பந்து பிடிக்க ஆள் கேட்டுப் பூக்கட்டிப் பார்த்தது

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் இட்லி வேகிற நேரத்துக்கு அமெரிக்காவிலிருந்து போன் வரும். அங்கே அப்போது சனிக்கிழமை இரவு. மகன் அங்கே ஓர் ஏரிக்கரை நகரத்தில் படிப்பை முடித்து, அதே ஊரில் வேலைக்கும் சேர்ந்துவிட்டான். முதலில் அவன் அம்மா பேசுவாள். என்ன சமைத்தாய், எண்ணெய் தேய்த்தாயா, பக்கத்து அறைப் பையன் பாத்திரம் கழுவுகிறானா என்று அவளுக்குக் கேட்க ஆயிரம் உண்டு. எல்லாம் முடிந்து, "இந்தா, அப்பாட்ட பேசு" என்று போனை என் பக்கம் தள்ளுவாள். அதற்குப் பிறகு நடப்பது இதுதான்.

"சாப்டியா?"

"சாப்டேன்ப்பா."

"குளிரா?"

"குளிருதான்ப்பா."

"சரி, அம்மாட்ட குடுக்கிறேன்."

எனக்கு மதுரை கே.கே. நகரில் மூக்குக் கண்ணாடிக் கடை. கண் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டோடு துவண்டு போய் வருகிறவர்களைச் சிரிக்கவைத்து, ஃபிரேம் மாட்டி, கண்ணாடியில் திருப்பிக் காட்டி அனுப்புவதில் எனக்கு ஊருக்குள் பெயர் உண்டு. கல்யாண வீட்டில் நான் உட்கார்ந்த பந்தி கடைசியாகத்தான் எழும். அப்படிப்பட்டவன் சொந்த மகனிடம் இரண்டு கேள்வியோடு சரக்கு தீர்ந்து நிற்பது எனக்கே அதிசயமாக இருந்தது. அதை வருத்தம் என்று சொல்ல மாட்டேன். காலி செருப்பு ஸ்டாண்டைப் பார்ப்பது போல ஒரு உணர்வு, அம்புட்டுத்தான்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறை நண்பனோடு ஸ்டேடியத்துக்குப் போய் மேட்ச் பார்த்ததாகச் சொன்னான். அமெரிக்கர்களின் ஃபுட்பால். நான் சும்மா இருக்க முடியாமல், "கையால எறியிறதுக்குப் பேரு ஃபுட்பாலா? அப்ப எங்க ஊரு கோலிக்குண்டையும் அதுலயே சேத்துக்கலாம்ல" என்றேன். அவனுக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். விளக்க ஆரம்பித்தான். நான் மறுத்தேன். அவன் இன்னும் விளக்கினான். இட்லி ஆறி, சட்னி தண்ணீர் விட்டு, மனைவி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். போனை வைத்தபோது காது சூடாக இருந்தது.

அன்று ஒன்றைக் கண்டுபிடித்தேன். அவன் சொல்வதற்கு "ஆமாப்பா" என்றால் பேச்சு முடிந்துவிடும். "அதெப்படி?" என்றால் நீளும். அந்த வாரத்திலிருந்து மகன் எந்தப் பக்கம் நின்றாலும் நான் எதிர்ப்பக்கம் நிற்பது என்று முடிவு செய்துகொண்டேன். கொள்கை என்று ஒன்று இருந்தால்தானே மாற்றிக்கொள்ளக் கஷ்டம்.

ஆனால் எதிர்த்துப் பேசவும் விஷயம் வேண்டும். ஆட்டத்தை நான் புரிந்துகொண்ட அளவுக்குச் சொல்கிறேன், இது போதும். ஓர் அணியில் தாக்குகிற கூட்டம் தனி, தடுக்கிற கூட்டம் தனி. தாக்குகிற கூட்டத்துக்கென்று ஒரு கோச். பந்தை எறிய ஒருவன். அவன் எறிகிற வரைக்கும் எதிரிகள் அவன் மேல் விழாமல் மறித்துக்கொள்ள மலை மலையாகச் சில பேர். எறிந்த பந்தை ஓடிப்போய்ப் பிடிக்க ஒருவன். அவன் பெயர் ரிசீவர். மகனுடைய ஊர் அணியில் எறிகிறவன் இருந்தான், பிடிக்கத்தான் ஆள் இல்லை. எங்கள் அணி என்று நான் எப்போது சொல்ல ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. அந்த அணி ஜெயித்த வருஷங்களைப் பற்றி யாரும் என்னிடம் பேசியதும் இல்லை.

வாதம் செய்து பழக எனக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள். காலை நடைக்குப் பிறகு ஒரே டீக்கடையில் உட்காருகிறவர்கள். ஒருவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என் வயதுக்காரர், என்னை மாப்ள என்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சர்ச்சுக்குப் போய்விடுவதால் நடைக்கு வரமாட்டார். இன்னொருவர் ஜவுளிக்காரர், எங்களைவிடப் பெரியவர், நாங்கள் அண்ணே என்போம். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பம். எங்களோடு மதுரைத் தமிழ், மனைவி போன் செய்தால் சௌராஷ்டிரம், எங்கள் இருவர் மேலும் உண்மையான கோபம் வந்தாலும் சௌராஷ்டிரம். என்ன சொல்லித் திட்டினார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

வாத்தியார் ஆட்டத்தை முறையாகப் படித்தார். டீ கிளாஸ் வைத்த ஈர வட்டங்களை ஆட்களாக வைத்து, மேஜையில் தண்ணீரால் கோடு போட்டு, யார் எந்தக் கோணத்தில் ஓட வேண்டும் என்று காட்டுவார். ஜவுளிக்காரர் ஒரு முழு மேட்ச்கூடப் பார்த்ததில்லை. போனில் வருகிற ஒன்றிரண்டு நிமிடத் துண்டுகள்தான். அதனால் அவருடைய அபிப்பிராயங்களில் துளி சந்தேகமும் கலந்திருக்காது.

அந்த ஜனவரியில் எங்கள் அணி வழக்கம்போலத் தோற்று, தாக்குதல் கோச்சை வீட்டுக்கு அனுப்பியது. புதிய கோச்சுக்கு இரண்டு பேர் பேச்சில் இருந்தார்கள். ஒருவர் வயதானவர், பந்தைக் கையில் கொடுத்து ஓடவிடுகிற பழைய முறைக்காரர். இன்னொருவர் இளைஞர், எறி எறி என்கிறவர். மகனுக்கு இளைஞர்தான் வேண்டும். ஆகவே எனக்குக் கிழவர்.

"கல்யாணத்துக்குச் சமையல் மாஸ்டர மாத்துற மாதிரிதானப்பா" என்று ஜவுளிக்காரர் ஆரம்பித்தார். "அதே காய்கறி, அதே அடுப்பு, அதே எடுபிடி. மாஸ்டரு மட்டும் புதுசு. சாம்பாரு மாறிருமா?"

"மாறும்ணே" என்றார் வாத்தியார். "போன மாஸ்டரு உப்பே போடலேன்னா மாறும்."

"அப்ப பெரியவரத்தான் எடுக்கணும். உப்பு எம்புட்டுன்னு கைக்குத் தெரியும்."

"அந்தப் பெரியவரு ஏற்கெனவே மூணு கல்யாணத்துல சாம்பார தீய விட்டவருண்ணே. நெட்ல இருக்கு."

"அது அடுப்போட தப்பா இருக்கும்."

நான் கேட்டு மனசில் குறித்துக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜவுளிக்காரரின் உப்பை அப்படியே மகனிடம் கொட்டினேன். அவன் சிரித்துவிட்டு, கோபப்பட்டு, புள்ளிவிவரம் சொல்லி, மறுபடி சிரித்தான். மனைவி அன்று இட்லியைத் தட்டில் போட்டு என் மடியிலேயே வைத்துவிட்டாள். "அப்பாவும் மகனும் என்னத்ததான் பேசுறீங்களோ" என்றாள். குறையாகச் சொல்லவில்லை.

பிறகு கஷ்டகாலம் வந்தது. அணி அந்த இளைஞரையே எடுத்தது. மகன் ஜெயித்துவிட்டான். எனக்கு மறுக்க ஒன்றும் இல்லை. பிப்ரவரியோடு ஆட்டம் முடிந்துவிடும், செப்டம்பர் வரைக்கும் மைதானத்தில் புல்தான் வளரும் என்று வாத்தியார் வேறு சொல்லிவிட்டார். ஒரு நடுத்தர வயது மதுரைக்காரன், கடையில் தலைக்கு மேல் வேலை கிடக்க, உலகத்தின் மறுபக்கத்தில் புல் வளர்வதை நினைத்து வியர்த்து நின்றதை யாராவது பார்த்திருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பார்கள். எதிர்க் கடையே டாக்டர்தான்.

நல்லவேளை, ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட் என்று ஒன்று உண்டாம். கல்லூரிகளில் ஆடுகிற பையன்களை அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வது. நன்றாகத் தோற்ற அணிக்கு முன்வரிசை. அந்த விஷயத்தில் எங்கள் அணிக்குக் குறையே இல்லை. முதல் ரவுண்டில் ரிசீவரை எடுத்தே ஆக வேண்டும் என்றான் மகன். எனக்கு உயிர் வந்தது. "ரிசீவராவது ஒண்ணாவது. மொதல்ல மறிச்சு நிக்கிற ஆள எடுங்கடா" என்றேன். பிப்ரவரியும் மார்ச்சும் அதிலேயே ஓடின.

டீக்கடையிலும் அதே வழக்குதான். வாத்தியார் ரிசீவர் கட்சி. ஜவுளிக்காரர் மறிக்கிற ஆள் கட்சி. "கடைக்கு ஷட்டரே இல்ல, ஷோகேஸ்ல பொம்மைக்குப் பட்டுச்சேலை கட்டுறேங்கிறான்" என்பது அவர் வாதம். மறிக்கிற ஆளுக்கு அங்கே லைன்மேன் என்று பெயர் என்று வாத்தியார் சொன்ன அன்று மட்டும் ஜவுளிக்காரர் கொஞ்ச நேரம் மின்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் நடை முடிந்து வரும்போது சாலையோரத்தில் லாரியிலிருந்து தர்பூசணி இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே நின்றவர் எறிய, கீழே கைலி கட்டிய ஒருவர் பிடித்து, திரும்பி, அடுத்தவருக்கு எறிந்தார். வாத்தியார் நின்றுவிட்டார்.

"பாருங்கண்ணே, இதுதான் ரிசீவர். கண்ணு பந்துமேல. உடம்பு அடுத்த வேலைக்குத் திரும்பிருச்சு. கை மட்டும் வாங்குது."

"சரி, இவர பிடிக்க விடாம ஒருத்தன் வந்து இடுப்புல மோதுறான். அப்ப?" என்றார் ஜவுளிக்காரர். "ஷட்டர் வேணும்ல?"

"மோதுனாலும் பிடிக்கிறவன்தான்ணே ரிசீவரு."

"அப்ப மோதிப் பாத்துருவோமா?"

கைலிக்காரர் இதைக் கேட்டுத் தலையைத் திருப்பினார். மேலே இருந்து வந்த பழம் அவர் காலடியில் விழுந்து பிளந்தது. அவர் எங்கள் மூவரையும் மேலும் கீழும் பார்த்தார். பேசாமல் அந்தப் பழத்தை நாங்களே விலைக்கு வாங்கிக்கொண்டோம். சாலையோரமே உட்கார்ந்து தின்றோம். அவரும் ஒரு துண்டு வாங்கிக்கொண்டார். "எதுக்குண்ணே என்னயவே பாத்தீங்க?" என்று கேட்டார். "உங்கள அமெரிக்காவுக்கு அனுப்பலாமான்னு யோசிச்சோம்" என்றேன். "சம்பளம் வாரச் சம்பளமா?" என்றார். நியாயமான கேள்வி. நாங்கள் அதுவரை யோசிக்காதது.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், ரிசீவர் பேச்சின் நடுவே, அவன் சாதாரணமாகச் சொன்னான்.

"அப்பா, வேற ஊர்ல வேலை வந்திருக்கு. நல்ல வேலைதான். மாச கடைசிக்குள்ள சொல்லணும்."

"எந்த ஊரு?"

ஊர்ப் பெயரைச் சொன்னான். அந்த ஊருக்கும் ஓர் அணி இருந்தது. அது எங்கள் அணியை வருஷம் தவறாமல் அடிக்கிற அணி. எனக்கு அந்த ஊரைப் பற்றித் தெரிந்தது அது ஒன்றுதான்.

"யோசிச்சுச் செய்யிப்பா" என்றேன். அப்பாக்கள் பேசுகிற மாதிரியான வசனம். அதற்கு அவன், "சரிப்பா" என்றான். பேச்சு முடிந்தது. போனை மனைவியிடம் கொடுத்தேன்.

அன்று கடையில் ஒரு அம்மாளுக்கு வலதுகண் லென்ஸை இடதுபக்கம் மாட்டப் போனேன். நல்லவேளை அவரே பார்த்துச் சொல்லிவிட்டார். என் தலைக்குள் ஓடியது இதுதான். அவன் ஊர் மாறினால் அணி மாறுவான். அணி மாறினால் இத்தனை நாள் நான் சேர்த்த சரக்கு எல்லாம் செல்லாக்காசு. கிழட்டு கோச்சு, இளைய கோச்சு, மறிக்கிற ஆள் ஒன்றும் உதவாது. மறுபடி சாப்டியா, குளிரா. அந்த ஊரில் குளிர் எப்படி என்றுகூடத் தெரியவில்லை. குளிர் இல்லாத ஊர் என்றால் பாதிக் கேள்வி போச்சு. மகனுக்கு நல்ல வேலை கிடைத்திருக்கிறது என்று சந்தோஷப்படவேண்டிய நேரத்தில் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நண்பர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் கிண்டலடிப்பார்கள். கிண்டலடிப்பது என் வேலை.

அன்று சாயங்காலம் ஜவுளிக்காரர் காரோடு வாசலில் வந்து நின்றார். வாத்தியார் முன் சீட்டில்.

"ஏறு. திருவாதவூர் வரைக்கும் போயிட்டு வந்துருவோம். ஒரு முடிவு தெரிஞ்சாகணும்."

திருவாதவூர்ப் பக்கம் வயலுக்கு நடுவே ஒரு சின்ன அம்மன் கோவில். ஜவுளிக்காரர் கடையில் துணி மடிக்கிறவரின் ஊர். தீபாவளிக்கு எந்த ரகம் எம்புட்டு வாங்கிப்போடுவது என்று வருஷாவருஷம் அங்கே போய்ப் பூக்கட்டிப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்வார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். மனசில் நினைத்ததற்கு வெள்ளை வந்தால் ஆகும், சிவப்பு வந்தால் ஆகாது. இதுவரை ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்று அவர் சொல்வார். ரிசீவரா, மறிக்கிற ஆளா என்று எங்களுக்குள் தீராத வழக்கை அம்மனிடம் கொண்டுபோவது என்று அவரும் வாத்தியாரும் பேசி முடித்திருந்தார்கள்.

"மொத ரவுண்டுல ரிசீவர எடுப்பாங்களா? வெள்ளை வந்தா எடுப்பாங்க. இதான் கேள்வி" என்றார் ஜவுளிக்காரர், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி.

"அண்ணே, அம்மனுக்கு இந்த ஆட்டம் தெரியுமா?" என்றேன்.

"பாலியெஸ்டரு மட்டும் தெரிஞ்சா பொறந்துச்சு? நாம கேட்டா பாத்துக்கிரும்."

கோவில் வாசலில் வாத்தியார் நின்றுகொண்டார். "நான் வேதக்காரன். உள்ள வந்து கேட்டு, அங்கயும் இங்கயும் கணக்குச் சொல்ல முடியாது. நான் செருப்புக்குக் காவல் இருக்கேன்" என்றார். ஆனால் நாங்கள் நாலடி போனதும், "மாப்ள, மொத ரவுண்டுன்னு தெளிவாக் கேளு" என்று பின்னாலிருந்து சொன்னார்.

யார் நினைப்பது என்ற கேள்வி வந்தது. "டீம் உன்னோடது. மகன் இருக்கிற ஊரு. நீயே நெனச்சுக்க" என்றார் ஜவுளிக்காரர். பூசாரி இரண்டு பொட்டலங்களையும் காலடியில் வைத்து, குலுக்கி, என்னைக் கண்ணை மூடச் சொன்னார்.

"ஒண்ண மட்டும் நெனச்சுக்கங்க. ரெண்டு நெனச்சா அம்மா என்ன செய்யும்?"

ரிசீவர் என்று ஆரம்பித்தேன். ரிசீவர் முகம் எனக்குத் தெரியாது. மகன் முகம்தான் வந்தது. வீட்டில் இருந்த காலத்தில் அவன் போன் பேசும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வான், காது மட்டும் பெரிதாகத் தெரியும். அந்தக் காது வந்து நின்றது. அவன் அந்த ஊருக்கு, என்று நினைத்தேன். அதற்கு மேல் வாக்கியம் வரவில்லை. அதற்குள் சாமி கும்பிட வந்திருந்த ஒரு பெண்ணின் குழந்தையை விட்டுப் பொட்டலத்தை எடுக்கச்சொல்லிவிட்டார் பூசாரி.

வெள்ளை.

ஜவுளிக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தன் கட்சி தோற்றதைப் பற்றி அவருக்குத் துளி வருத்தமில்லை. வாசலுக்கு வந்து, "வாத்தியாரே, ரிசீவர் வாரான்" என்று அறிவித்தார். அந்த நிமிடத்திலிருந்து அவர் ரிசீவர் கட்சி.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அதே யோசனை. வெள்ளை வந்துவிட்டது. ஆகும் என்று அர்த்தம். எது ஆகும்? அவன் அந்த ஊருக்குப் போவது ஆகும் என்றா, போகாமலிருப்பது ஆகும் என்றா? நான் எதைக் கேட்டேன்? எதைக் கேட்க நினைத்தேன்? போவது அவனுக்கு நல்லது. இருப்பது எனக்கு நல்லது. இதில் எது என் விண்ணப்பம் என்று எனக்கே தெரியாமல் ஒரு தெய்வத்தைக் கையெழுத்துப் போட வைத்துவிட்டேன்.

"வாத்தியாரே, ஒரு சந்தேகம்" என்றேன். "ஒரு கணக்குக்கு விடை சரியா வந்துருச்சு. ஆனா கேள்வி என்னன்னு பையன் எழுதல. என்ன செய்வ?"

"அதுக்கு மார்க் கிடையாது மாப்ள" என்றார் வாத்தியார்.

டிராஃப்ட் நமக்குக் காலையில் வந்தது. அங்கே இரவு. டீக்கடையில் வாத்தியாரின் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து மூவரும் பார்த்தோம். ஒரு மேடை, கோட்டு சூட்டுப் போட்ட ஒருவர், சீட்டைப் பார்த்துப் பெயர் படிக்கிறார். பெயர் படிக்கப்பட்ட பையன் அம்மாவைக் கட்டிக்கொள்கிறான். "கல்யாண மண்டபத்துல மொய் வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றார் ஜவுளிக்காரர். எங்கள் அணியின் முறை வந்தது. டீ மாஸ்டர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

பெயர் படித்தார்கள். பையன் எழுந்தான். எழுந்துகொண்டே இருந்தான். அவன் பின்னால் உட்கார்ந்திருந்த குடும்பம் முழுக்க மறைந்துவிட்டது.

"இவனா ரிசீவரு?" என்றார் ஜவுளிக்காரர்.

"இல்லண்ணே" என்றார் வாத்தியார். "இவன் ஷட்டரு."

என் போன் அடித்தது. மகன். ஞாயிற்றுக்கிழமை இல்லாத நாளில், அம்மாவின் நம்பருக்கு இல்லாமல் என் நம்பருக்கே அவன் கூப்பிட்டது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. டீக்கடைக்கு வெளியே வேப்பமரத்தடிக்குப் போனேன்.

"அப்பா, பாத்தீங்களா? நீங்க சொன்ன மாதிரியே மறிக்கிற ஆள எடுத்துட்டானுக. சந்தோஷமா?"

நான் ஜெயித்துவிட்டேன். அவன் ஒத்துக்கொண்டுவிட்டான். இனி இரண்டு வார்த்தையில் போனை வைத்துவிடுவான். என் வாய் தானாகவே கட்சி மாறியது.

"என்னடா சந்தோஷம்? பந்தப் பிடிக்க ஆளில்லாம சுவத்தக் கட்டி என்ன பண்றது? ரிசீவரத்தான் எடுத்திருக்கணும். முட்டாப்பயலுக."



"அப்பா, மூணு மாசமா நீங்கதானப்பா ரிசீவரே வேணாம்னு என்கிட்ட சண்டை போட்டீங்க?"

"ஆமா."

"சமையல் மாஸ்டரு, ஷட்டரு, பட்டுச்சேலை, எல்லாம் சொன்னீங்கல்ல?"

"சொன்னேன்."

"நெசமா உங்களுக்கு என்னதான்ப்பா வேணும்?"

கண்ணாடிக் கடையில் இதே கேள்வியை நான் தினமும் கேட்கிறேன். எந்த ஃபிரேமும் பிடிக்காமல் எல்லாவற்றையும் மாட்டி மாட்டிக் கழற்றுகிறவர்களிடம். பெரும்பாலும் அவர்கள் கண்ணாடியில் தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"நீ அந்த ஊருக்கு எப்ப போற?" என்றேன்.

"அடுத்த மாசம்ப்பா. நேத்துத்தான் சரின்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமை சொல்லலாம்னு இருந்தேன்."

"நல்லது."

"ம்."

"அப்ப இனிமே அந்த ஊரு டீமா?"

"அவனுகளா? நான் எதுக்குப்பா அவனுகளுக்குக் கை தட்டணும்? ஊரு மாறுனா டீம் மாறுமா? நீங்க என்ன இங்க வந்தா பாக்குறீங்க? மதுரைலேர்ந்துதான பாக்குறீங்க."

வேப்பமரத்தில் ஓர் அணில் கீழே இறங்கி வந்து, என்னைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறிப் போனது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாரக்கணக்கில் சுமந்த பயம் இத்தனை சுலபமாக இறங்கினால் கொஞ்சம் அவமானமாகத்தான் இருக்கும்.

"வீடு பாத்துட்டியா?"

"நெட்லயே பாத்துட்டேன். சின்னதுதான். ரெண்டாவது மாடி."

அதற்கு மேல் வீட்டைப் பற்றி என்ன கேட்பது என்று தெரியவில்லை. மதுரைக்காரன் வாடகை வீட்டைப் பற்றிக் கேட்கிற ஒரே கேள்விதான் வாயில் வந்தது.

"தண்ணி வசதி எப்படி?"

"அப்பா, அமெரிக்காப்பா. குழாயத் திருகுனா வரும்."

"ரெண்டாவது மாடிக்கும் வருமா?"

அவன் சிரித்தான். பிறகு சொல்ல ஆரம்பித்தான். சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தானாம். அடுப்பு கரண்ட் அடுப்பாம், தோசை ஒரு பக்கம் மட்டும் தீய்ந்துவிடுமோ என்று கவலையாம். ஆபீசுக்கு ரயிலில் போகலாமாம். அங்கே தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லையாம். அதைக் கடைசியாக, வேகமாகச் சொன்னான். நான் எதையும் மறுக்கவில்லை. மறுக்காமலே அவன் பேசிக்கொண்டு போனான். என் கண்டுபிடிப்புக்கு அன்றைக்கு விடுமுறை. நடுநடுவே, "அந்தத் தடியன் நல்லாத்தான் மறிப்பான்ப்பா, கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்" என்றும் சொன்னான். "பாப்போம், பாப்போம்" என்றேன்.

டீக்கடைக்குத் திரும்பியபோது என் டீயை வாத்தியார் குடித்து முடித்திருந்தார். ஜவுளிக்காரர் எதிர்பெஞ்சில் வக்கீல் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பெரிய சங்கடம். அவருடைய பழைய கட்சி ஜெயித்துவிட்டது, அம்மன் வாக்கு தோற்றுவிட்டது.

"தம்பி, இங்க உக்காரு. பூவு தப்பாது. இத்தன வருஷத்துல ஒரு தடவ தப்புனதில்ல. அப்ப கேள்வி தப்பா இருக்கணும். அன்னைக்கு நீ ரிசீவர நெனச்சியா இல்லயா?"

"நெனச்சேண்ணே."

"மொத ரவுண்டுன்னு நெனச்சியா?"

"ரவுண்டு சொல்ல விட்டுப்போச்சுண்ணே. நாளைக்கு ரெண்டாவது ரவுண்டு இருக்கு, மூணாவது இருக்கு."

"அதான பாத்தேன்" என்று ஜவுளிக்காரர் நிம்மதியாகச் சாய்ந்தார். அம்மனுக்கு வந்த பழி நீங்கியது. வாத்தியார் மட்டும் காலி கிளாஸை உருட்டிக்கொண்டு என் முகத்தையும் வேப்பமரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கணக்குத் திருத்தித் திருத்திப் பழகிய கண். பவர் கொஞ்சம் ஏறியிருக்கலாம், கடைக்கு வரச்சொல்ல வேண்டும்.

"மகன் என்ன சொன்னாப்ல?" என்றார்.

"வேற ஊருக்கு மாறுறானாம். நல்ல வேலை."

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"ஒரு ஞாயித்துக்கிழமைலேர்ந்து."

"எந்த ஞாயித்துக்கிழமை?"

நான் டீ மாஸ்டரிடம் இன்னொரு டீ சொன்னேன். ஜவுளிக்காரர் மெல்ல நிமிர்ந்தார். முதலில் என்னைப் பார்த்தார். அப்புறம் வாத்தியாரைப் பார்த்தார். அப்புறம் சௌராஷ்டிரத்தில் நீளமாக ஏதோ சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, கார் சாவியை எடுத்து மேஜையில் வைத்தார்.

"சாயங்காலம் மறுபடி திருவாதவூர் போறோம். இந்தத் தடவ நான் நெனச்சுக்கிறேன். நீ வாத்தியாரோட வெளிய நின்னு செருப்பப் பாத்துக்க."